கடிதம் எந்த முகவரிக்குப் போகும்?

(பள்ளிகளில் தன்னார்வலர்களாக உதவும் அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கும் பெற்றோர்களில் பலர், பள்ளியில் உடல்நலப் பரிசோதனை நடக்கும் நாளில் கைகொடுக்கப் போகிறவர்கள். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அழைத்து வந்து வரிசையில் நிறுத்துவீர்கள். பெயர்ப் பட்டியலில் குறிப்பீர்கள். எழுத்து அட்டைக்கு எதிரே நிற்கும் சிறுவனுக்கு ஒரு கண்ணை எப்படி மறைத்துக்கொள்வது என்று காட்டுவீர்கள். ஒரே நர்ஸ் பள்ளி முழுவதையும் பார்க்க வேண்டிய இடங்களில் உங்கள் உதவி இல்லாமல் அந்த நாள் நகராது. அதனால்தான் இதை உங்களிடம் பேச விரும்பினேன்.

அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் சிலருக்கு வீடு இல்லை.

2022–23 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் வீடற்றவர்கள் என்று கண்டறிந்த மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நியூயார்க் நகரத்தில் மட்டும் 2023–24இல் 1,46,000க்கும் மேல். அந்நகரின் பொதுப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர். நடைபாதையில் படுத்திருப்பவர்களை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைக் கேட்காதீர்கள். இவர்களில் ஏறக்குறைய நால்வரில் மூவர், வாடகை கட்ட முடியாமல் வெளியேறி, சித்தி வீட்டுக் கூடத்திலோ தெரிந்தவர் வீட்டு அடித்தளத்திலோ ஒண்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள். மற்றவர்கள் ஷெல்ட்டரில், மோட்டலில், காரில் இரவைக் கழிக்கிறவர்கள். குளித்துத் தலைவாரி, பை மாட்டிக்கொண்டு, உங்கள் பிள்ளைக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள். பார்த்தால் தெரியாது.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்து அட்டையில் மூன்றாவது வரிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. பட்டியலில் ஒரு குறி விழுகிறது. பிறகு என்ன நடக்கும்? வீட்டுக்கு ஒரு கடிதம் போகும்: ‘உங்கள் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டவும்.’ பதிவில் இருக்கும் முகவரியோ அவர்கள் சென்ற செப்டம்பரில் காலி செய்த அபார்ட்மென்ட். இன்று அங்கே குடியிருப்பவர் அந்த உறையைப் பிரிக்கிறார், அல்லது குப்பையில் போடுகிறார். பள்ளி தொலைபேசியில் அழைக்கிறது. பணம் கட்டாததால் இணைப்பு இல்லை. கடிதத்தைப் பையிலேயே வைத்து அனுப்பினால், இடம் கொடுத்த வீட்டுக்காரி முதலில் படிக்கிறாள். ‘ஏற்கெனவே ஐந்து பேர், இப்போது வைத்தியச் செலவு வேறா’ என்று அன்றிரவு பேச்சு எழுகிறது.

நம்முடைய பரிசோதனை ஏற்பாடு முழுவதும் ஒரு வீட்டை நம்பிக் கட்டப்பட்டது. அந்தரங்கப் பாதுகாப்பும் அப்படித்தான்: மூடிய உறை, அதைப் பிரிக்க ஒரு கதவுக்குப் பின்னால் ஓர் அம்மா. வீடு இல்லாத பிள்ளைக்கு அந்தக் கதவை யார் தருவது? பள்ளிதான் தர வேண்டும் என்பது என் வாதம். இன்று பல இடங்களில் பள்ளி அதைத் தருவதில்லை என்பது என் மனக்குறை.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அது மிகவும் தேவை. வருடத்துக்கு மூன்று முறை இடம் மாறும் பிள்ளைக்கு, பல்லைப் பார்க்கும் டாக்டர் என்று ஒருவர் நிலையாக இருக்க மாட்டார். அவளுடைய கண் மங்கலாக இருப்பதை முதலில் கவனிக்கப்போவது பள்ளியாகத்தான் இருக்கும். ஆனால் கண்டுபிடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் பரிசோதனையால் ஒரு பயனும் இல்லை. இதை இந்நாடு நூறு ஆண்டுக்கு முன்பே பார்த்திருக்கிறது.

1902இல் நியூயார்க் பள்ளிகளில் மருத்துவர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து, ட்ரக்கோமா என்ற கண்நோய், படர்தாமரை, பேன் என்று எது கண்டாலும் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். சிகிச்சை தருவார் யாருமில்லை. பிள்ளை வாரக்கணக்கில் தெருவில் சுற்றும். ஹென்றி ஸ்ட்ரீட் சேவை இல்லத்தை நடத்திய லிலியன் வால்ட், தம்முடைய நர்ஸ்களில் ஒருவரைச் சோதனையாகத் தருகிறேன் என்றார். அந்த அக்டோபரில் லீனா ராஜர்ஸ் என்ற அந்த நர்ஸ் நான்கு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். புண்ணைப் பள்ளியிலேயே கழுவி மருந்து போட்டார். மாலையில் குடியிருப்புகளின் படியேறி, தாய்மார்களுக்குச் செய்முறை காட்டிக் கொடுத்தார். ஒரே மாதத்தில் பலன் தெரிந்து, நகரம் மேலும் நர்ஸ்களை நியமித்தது. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அடுத்த செப்டம்பரில் அது ஏறக்குறைய 1,100. பள்ளி நர்ஸ் என்ற பணி இந்நாட்டில் பிறந்த கதை இது. அவர் படியேறிப் போக ஒரு வாசல் இருந்தது என்பதையும் கவனியுங்கள். ஏழைக் குடியிருப்பு, காற்று வராத அறை, ஆனாலும் அது ஒரு வாசல்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். சலிப்பாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், இதில் உங்களைப் பற்றியே ஒரு விதி இருக்கிறது.

1987 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம்தான் அடிப்படை. கனெக்டிகட்டைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டூவர்ட் மெக்கின்னியின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த மார்ச்சில், உடல் நலிந்த நிலையிலும், வாஷிங்டன் குளிரில் வீடற்றவர்களோடு ஓர் இரவு தெருவில் படுத்தவர் அவர். மே மாதம் காலமானார். 2000இல் மினசோட்டாவின் காங்கிரஸ் உறுப்பினர் புரூஸ் வென்டோவின் பெயரும் சேர்ந்தது. பள்ளி விஷயத்தில் மெக்கின்னி–வென்டோ சட்டம் சொல்வது இது: முகவரிச் சான்றோ பழைய பதிவுகளோ தடுப்பூசிச் சான்றோ கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பள்ளி வட்டாரத்திலும் இதற்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும். லயசன் என்று அழைப்பார்கள். தடுப்பூசியோ பரிசோதனையோ பாக்கி இருந்தால் அதைப் பெற உதவுவது அவர் பொறுப்பு. அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை வாசலில் நிறுத்தக் கூடாது.

அந்தரங்கம் பற்றிய சட்டம் இன்னும் பழையது. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி கொண்டுவந்த ஃபெர்பா, 1974. பிள்ளையின் பள்ளிப் பதிவுகளைப் பெற்றோர் பார்க்கலாம், அவர்கள் எழுத்துமூலம் சம்மதிக்காமல் வெளியாருக்குத் தரக் கூடாது என்பது அதன் சாரம். பலர் பள்ளி நர்ஸ் வைத்திருக்கும் குறிப்புகளுக்கு ஹிப்பா என்ற மருத்துவ அந்தரங்கச் சட்டம் காவல் என்று நம்புகிறார்கள். பொதுப் பள்ளியில் அப்படி இல்லை. பள்ளி நியமித்த நர்ஸ் எழுதும் குறிப்பு கல்விப் பதிவாகவே கருதப்படும்; ஃபெர்பாதான் அதற்குப் பொருந்தும். அதே கட்டடத்தில் வெளி மருத்துவமனை ஒன்று தன் பொறுப்பில் கிளினிக் நடத்தினால், அங்கே எழுதப்படுவதற்கு ஹிப்பா. ஒரே நடைக்கூடத்தில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள், இரண்டு சட்டங்கள். இந்தக் கதவில் சொன்னதை அந்தக் கதவில் இருப்பவர் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது. இந்த வேறுபாட்டை அந்த அம்மாவிடம் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஃபெர்பாவில் ஒரு திறந்த ஜன்னல் உண்டு. பெயர், முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றை ‘பொது விவரம்’ என்று பள்ளி அறிவித்துவிட்டால், பெற்றோர் மறுப்புச் சொல்லாதவரை யாருக்கும் தரலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுதோறும் போடும் முகவரிப் புத்தகம் பல பள்ளிகளில் இப்படித்தான் உருவாகிறது. அதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே ஷெல்ட்டரின் முகவரி இருந்தால்? அந்த ஊரில் அந்தத் தெருவை எல்லோருக்கும் தெரியும். கணவனின் அடிக்கு அஞ்சி ஓடிவந்த பெண்ணின் பிள்ளையாக இருந்தால், அவமானத்தோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. 2015இல் மெக்கின்னி–வென்டோ சட்டத்தைத் திருத்தியபோது இந்த ஜன்னலை அடைத்தார்கள். வீடற்ற பிள்ளை எங்கே வசிக்கிறது என்ற தகவல் மாணவரின் கல்விப் பதிவு. அதைப் பொது விவரமாக வெளியிடக் கூடாது. எத்தனையோ பக்கங்கள் கொண்ட அந்தத் திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான்.

ஆனாலும் ஓர் இடைவெளி மிச்சமிருக்கிறது. பதிவுகளைப் பார்க்கும் உரிமை ஃபெர்பாவில் தாய், தந்தை இருவருக்கும் உண்டு. நீதிமன்ற ஆணை போன்ற ஏதாவது ஒன்று அதைப் பறித்திருந்தால் தவிர. ஓடிவந்த பெண்ணிடம் முதல் வாரத்திலேயே நீதிமன்ற ஆணை இருக்குமா? பரிசோதனைத் தாளின் தலைப்பில் ஷெல்ட்டர் முகவரியைத் தட்டச்சு செய்துவிட்டால், தகப்பன் கேட்கும்போது அந்தத் தாளோடு சேர்ந்து முகவரியும் போகும். பெரும்பாலான மாநிலங்களில் இத்தகைய பெண்களுக்கு மாற்று முகவரி தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுப்பதும், உடல்நலத் தாளில் தங்குமிடத்தை எழுதாமல் விடுவதும் பள்ளி அலுவலகம் செய்யக்கூடிய காரியங்கள்.

மறுக்கும் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் நடக்கும் உடல் பரிசோதனையிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள 2002இல் ஒரு கூட்டாட்சிச் சட்டத் திருத்தம் பெற்றோருக்கு உரிமை தந்தது. ஆனால் அது அந்தரங்க உறுப்புகளை வெளிப்படுத்தும் அல்லது ஊசி போன்றவற்றை உடலில் செலுத்தும் சோதனைகளுக்கு. கண், காது, முதுகுத்தண்டு வளைவு ஆகிய சோதனைகளை அது வெளிப்படையாக விலக்கிவிட்டது. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் சோதனைகளுக்கும் பொருந்தாது. ஆக, நீங்கள் வரிசை நிறுத்தும் சோதனைகளுக்கு மாநில விதியும் பள்ளி வட்டாரக் கொள்கையும்தான் அளவுகோல். அவற்றின்படி அறிவிப்புத் தாளைப் பள்ளிகள் பெரும்பாலும் கல்வியாண்டின் தொடக்கத்தில் அனுப்பும். நவம்பரில், அந்த வருடத்தின் மூன்றாவது பள்ளியாக இங்கே வந்து சேர்ந்த பிள்ளையின் அம்மா அந்தத் தாளைப் பார்த்தே இருக்க மாட்டாள். மற்ற பெற்றோருக்கு இருக்கும் ‘வேண்டாம்’ என்ற சொல் அவளுக்கு இல்லாமலே போகிறது.

இனிப் பேனைப் பற்றிப் பேசுகிறேன். சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம், இந்தப் பிள்ளைகளின் மானம் அதிகம் போவது இங்கேதான். வகுப்பை வரிசையாக நிறுத்தி, குச்சியால் முடியைப் பிரித்துப் பார்த்து, ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிற்கச் சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. வகுப்பு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அந்தரங்கம் என்று எந்தப் பதிவேட்டைப் பூட்டி என்ன பயன்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது: பேனோ ஈரோ இருக்கிறது என்பதற்காக ஆரோக்கியமான பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கி வைக்கக் கூடாது, வகுப்பு முழுவதையும் வழக்கமாகச் சோதிப்பதை ஊக்குவிக்கவும் வேண்டாம். பேன் நோயைப் பரப்புவதில்லை. ‘வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று சொல்வது சுலபம். பகலில் உள்ளே இருக்க விடாத ஷெல்ட்டர்கள் இருக்கின்றன. அந்த அம்மா கூலியை விட்டு ஓடிவந்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்கே போவாள்? எந்தக் குளியலறையில், எந்தப் பணத்தில் மருந்து வாங்கி அலசுவாள்?

உயரம், எடை பார்ப்பதிலும் இதே சங்கடம் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலம் 2009இல் உடல் எடைக் குறியீட்டை அளந்து பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் விதியைக் கொண்டுவந்தது. கேலியும் அந்தரங்கமும் பற்றிய கவலைகள் எழ, 2013இல் கடிதம் அனுப்பும் கட்டாயத்தை நீக்கியது. அளவைக் கணக்கெடுப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தத் தாய்மார்கள் மௌனம் காப்பதற்குப் பின்னால் இன்னொரு பயம் இருக்கிறது. பள்ளி நர்ஸும் ஆசிரியரும், பிள்ளை கவனிக்கப்படாமல் இருப்பதாகச் சந்தேகப்பட்டால் அரசுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ‘ராத்திரி எங்கே தூங்கினாய்?’ என்று நர்ஸ் அன்போடுதான் கேட்பார். அதைக் கேள்விப்படும் தாய்க்கு, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போக வருகிற முதல் கேள்வியாக அது ஒலிக்கும். வீடில்லாமை மட்டுமே புறக்கணிப்பு ஆகாது என்று கலிபோர்னியா சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2022இல் அந்தப் பாதுகாப்பை வறுமைக்கும் விரித்தார்கள். அந்த வரியைத் தாய்க்குத் தெரியும் மொழியில், கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பயம் தீரும். ஏன் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், யாருக்குப் போகாது என்று சொல்லாமல் ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது.

இதுவரை கசிவைப் பற்றிப் பேசினேன். அதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. அதன் மேல் எனக்கு இன்னும் கோபம் அதிகம். அந்தரங்கச் சட்டம் தடுக்கிறது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொள்வது. கண் சோதனையில் தவறியவர்களின் பட்டியல் நர்ஸ் அறையில் இருக்கும். எந்தப் பிள்ளைகளுக்கு வீடில்லை என்ற பட்டியல் லயசன் மேஜையில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமிக்கு இந்த வாரமே கண்ணாடி கிடைக்கும். ஆனால் ‘ஃபெர்பா இருக்கிறதே, எப்படிப் பகிர்வது’ என்பார்கள். ஃபெர்பா அப்படிச் சொல்லவில்லை. பிள்ளையின் கல்விக்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய நியாயமான காரணம் உள்ள பள்ளி அலுவலருக்குச் சொல்லலாம் என்று அதிலேயே இருக்கிறது. அதே பள்ளியின் ஆசிரியர் ஓய்வறையிலோ இந்தக் குடும்பத்தின் கதை சாப்பாட்டுக்கு நடுவே தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்.

எப்படிப் பகிர வேண்டும் என்பதற்கு மதிய உணவுத் திட்டமே நல்ல உதாரணம். வீடற்ற பிள்ளைகளுக்கு இலவச உணவு உரிமை உண்டு. வருமான விண்ணப்பம் கூடத் தேவையில்லை. லயசன் பெயர்களை உணவுப் பிரிவுக்குத் தருவார். அந்தப் பெயருக்கு உணவு உண்டு என்பதே சமையலறைக்குப் போதும். கார், மோட்டல், ஓடிவந்த கதை எதுவும் அங்கே தேவையில்லை. சாப்பாட்டு வரிசையிலும் இலவச உணவு பெறும் பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. உடல்நலத்துக்கும் அதே அளவு போதும். ‘இந்தப் பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும், கடிதம் அனுப்ப வேண்டாம், நேரில் பேசுங்கள்’ என்று நர்ஸிடமிருந்து லயசனுக்கு ஒரு வரி.

பால்டிமோரில் 2016 முதல் கண் பரிசோதனை முழுவதையும் பள்ளி வாசலுக்கே கொண்டுவந்தார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், நகர நிர்வாகம், பள்ளிகள், நடமாடும் கண் கிளினிக் எல்லாம் சேர்ந்த முயற்சி. சோதனையில் தவறிய பிள்ளைக்குப் பள்ளியிலேயே மருத்துவர், பள்ளியிலேயே கண்ணாடி, உடைந்தால் மாற்றுக் கண்ணாடி. 2021இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண் முதலாண்டில் உயர்ந்திருந்தது. படிப்பில் மிகவும் பின்தங்கியவர்களுக்கு அதிகப் பலன். வீடற்ற பிள்ளைகளுக்கென்று வகுத்த திட்டமல்ல இது. அதுவே அதன் சிறப்பு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வண்டியில் ஏறி இறங்கும்போது, அவர்களில் யார் எங்கிருந்து வந்தவர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

கணினியைப் பற்றி ஒரு வார்த்தை. 2022இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி வட்டாரத்தில் நடந்த இணையத் தாக்குதலில் ஏறக்குறைய 2,000 மாணவர்களின் உளவியல் மதிப்பீடுகள் வெளியே கசிந்தன. 2024 டிசம்பரில் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் மென்பொருளிலிருந்து கோடிக்கணக்கான மாணவர்களின் விவரங்கள் களவுபோயின. சில இடங்களில் மருத்துவக் குறிப்புகளும் அதில் இருந்தன. எழுதாத தகவலை யாரும் திருட முடியாது. காது கேட்கிறதா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘காரில் வசிக்கிறார்கள்’ என்று குறிப்பு எழுதும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

உங்களைப் பற்றிய விதி என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். பள்ளியின் நேரடிக் கட்டுப்பாட்டில், பள்ளி ஊழியர் செய்யும் வேலையைச் செய்யும் தன்னார்வலரையும் ஃபெர்பா விதிகளின் கீழ் பள்ளி அலுவலராகக் கருதலாம். அப்படியானால் பட்டியலில் பார்த்ததை வெளியே சொல்லாமல் இருக்கும் கடமையும் உங்களுக்கு வருகிறது. பொங்கல் விழாவில் இலை போடும்போதும், வாட்ஸ்அப் குழுவிலும், வீட்டில் உங்கள் பிள்ளையின் காது கேட்கவும் அந்தப் பெயர்கள் வரக் கூடாது. சோதனை மேஜையில் முடிவை உரக்கச் சொல்லாதீர்கள். எண்ணையோ குறியையோ எழுதி நர்ஸிடம் கொடுங்கள். தவறிய பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைக்காதீர்கள். பட்டியலைக் கைப்பேசியில் படமெடுக்காதீர்கள்.

உங்களில் பள்ளி வட்டாரக் கூட்டங்களுக்குப் போகிறவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். அடுத்த கூட்டத்தில் பரிசோதனைச் சம்மதப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கையெழுத்துக் கோட்டின் கீழே ‘தாய் அல்லது தந்தை’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறதா? ஃபெர்பாவே பெற்றோர் என்பதற்கு, பெற்றோர் இல்லாத இடத்தில் அவர்கள் நிலையில் நின்று பார்த்துக்கொள்பவரையும் சேர்த்துப் பொருள் சொல்கிறது. பாட்டி, அண்ணன், இடம் கொடுத்த அத்தை. கலிபோர்னியாவில், உறவினர் ஒருவர் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் சிகிச்சைக்குச் சம்மதம் தரப் போதும். பெற்றோரைப் பிரிந்து, தன் வரவுசெலவைத் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளை அங்கே 15 வயதிலும், டெக்சாஸில் 16 வயதிலும் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம். நம் மாநிலத்தில் எப்படி என்று லயசனைக் கேளுங்கள். வட்டாரத்தின் படிவம் அதற்கு இடம் தருகிறதா, முகவரி கேட்கும் கட்டத்தை ‘உங்களை எப்படித் தொடர்புகொள்வது நல்லது’ என்று மாற்ற முடியுமா, முடிவை நேரில் வாங்கிக்கொள்ள ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அந்தப் படிவம் கோடை விடுமுறையில்தான் மறுபடி அச்சாகும். கேட்க வேண்டிய நேரம் இந்த வசந்தம்.